பனியில் வெளுத்த கூழாங்கற்கள்

கேள்வி: பொங்கல் விடுமுறையில் தர்மபுரியிலிருந்து ஓசூருக்குக் காரில் போகும்போது, பிள்ளைகள் வண்ணம் தீட்டிய கூழாங்கற்களை வழியில் அங்கங்கே வைத்துவிட்டுப் போவோம், யாராவது கண்டெடுத்துச் சந்தோஷப்படட்டும் என்று. போன வருடம் அக்ரிலிக் வண்ணத்தின் மேல், கிளம்புவதற்கு முந்தைய இரவு மொட்டைமாடியில், வண்ணத்தைக் காக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் லாக்கர் அடித்தோம். காலையில் எல்லாக் கல்லும் பால் பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. லாக்கர் போலியா? தெரிந்த பெயின்டர், இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
வாசகி, தர்மபுரி

பதில்: லாக்கர் மேல் சந்தேகப்படாதீர்கள். அதிலிருக்கும் தின்னர் ஆவியாகும்போது கல்லின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். மார்கழி இரவில் ஏற்கெனவே சில்லிட்ட கல் இன்னும் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் இறங்கும். நீங்கள் பார்த்த வெள்ளை அந்த ஈரம் செய்த வேலை. எந்தக் கம்பெனி லாக்கரும் அந்த நேரத்தில் அப்படித்தான் வெளுக்கும்.

வண்ணம் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மறுநாள் காலை 11 மணிக்கு மேல், கல்லைக் கொஞ்சம் வெயில் காட்டிவிட்டு, மெல்லிசாக இரண்டு பூச்சு அடியுங்கள். பிள்ளைகள் புழங்குவதால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷே போதும். அடித்த கற்களைச் சில நாள் வீட்டுக்குள் வைத்து, அப்புறம் எடுத்துப் போங்கள்.

பாலியூரித்தேன் வேண்டவே வேண்டாம். கதவுக்கும் மேசைக்கும் அடிப்பது அது. அளவு பார்த்துக் கலக்க வேண்டும், கலந்ததைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும், அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர் பிள்ளைகள் பக்கத்திலேயே வரக்கூடாத சரக்கு. பிறகு ஏன் சிபாரிசு? பல பெயின்ட் டப்பாக்களுக்குள் பெயின்டர் காசாக்கிக்கொள்ளும் டோக்கன் இருக்கும். அந்தக் காசும் உங்கள் பில்லில்தான் ஏறுகிறது, பில்லில் மட்டும் தெரியாது. நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். ஒரு டப்பாவுக்காக யார் வாய்தா வாய்தாவாக அலைவது? லூஸில் ஊற்றித் தரும் வார்னிஷையும் தொடாதீர்கள். தயாரித்த தேதியே இல்லாத பாட்டிலுக்கு யாரைப் போய்க் கேட்பீர்கள்?

நர்சரியில் விற்கும் பளபளப்புக் கூழாங்கல்லில் மெழுகோ எண்ணெயோ தடவியிருக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்துத் தீட்டுங்கள். எந்தக் கல்லானாலும் சரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிடைக்கும் கிரானைட் வெட்டுத் துண்டைத் தவிர. பாலீஷ் போட்ட முகத்தில் வண்ணம் பிடிக்காது. நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும். எத்தனை பூச்சு வார்னிஷ் அடித்தாலும் வண்ணத்தோடு சேர்ந்து அதுவும் உரியும். துண்டைத் திருப்பிப் போட்டு, ரம்பம் அறுத்த சொரசொரப்புப் பக்கத்தில் வரையுங்கள். இரண்டு பக்கமும் பாலீஷ் என்றால் உப்புத்தாள் போட்டு மினுமினுப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். ஓர் இடம் மினுங்கினாலும் அந்த இடத்தில்தான் முதலில் உரியும்.

வைக்கும் இடம்: அஞ்செட்டி வழியாகப் போனால் காட்டுக்குள் வைக்கவும் வேண்டாம், அங்கிருந்து கல் எடுக்கவும் வேண்டாம். அந்தக் காடுகள் 2014 முதல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகள் (பழங்கால ஈமச் சின்னங்கள்), ஊரோர நடுகற்கள் பக்கமும் வேண்டாம். டீக்கடைத் திண்ணை, பூங்கா பெஞ்சு போதும், கேட்டுவிட்டு வையுங்கள்.

வெளுத்த கல் மிச்சம் இருந்தால் தின்னரால் துடைக்காதீர்கள், அடியில் உள்ள வண்ணமும் கரைந்துவிடும். உச்சி வெயிலில் அதே லாக்கரை லேசாக இன்னொரு பூச்சு அடித்தால் வெள்ளை பெரும்பாலும் மறைந்துவிடும்.