இடிந்த கல்கட்டுக்குச் சிமென்ட் பூசலாமா?

கேள்வி: பூம்பாறைப் பக்கம் எங்களுக்கு அடுக்கு அடுக்காக நிலம். பூண்டும் கேரட்டும் போடுகிறோம். என் மாமனாரின் அப்பா காலத்தில் சிமென்ட் இல்லாமல் வெறும் கல்லாக அடுக்கிய 5 அடி உயரக் கட்டு, போன ஐப்பசி மழையில் 12 அடி நீளத்துக்குச் சரிந்துவிட்டது. அதை ஒட்டி இன்னும் 8 அடி வயிறு தள்ளி நிற்கிறது. ஒரு கான்ட்ராக்டர் மொத்தத்தையும் எடுத்துவிட்டுச் சிமென்ட் சுவர் போடலாம், பழைய கல்லைத் தானே எடுத்துக்கொண்டு கூலியில் கழித்துவிடுவதாகச் சொல்கிறார். இன்னொரு மேஸ்திரி, நிற்கிற கட்டுக்கு இடுக்கில் சிமென்ட் பூசினாலே போதும் என்கிறார். மகனோ வீடியோ பார்த்துவிட்டு நாமே கட்டலாம் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மகன் பேச்சைக் கேளுங்கள் அம்மா. அவன் பார்க்கும் வீடியோவை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கல். கான்ட்ராக்டரின் வண்டி வருவதற்குள் கல்லையெல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். "கூலியில் கழித்துக்கொள்கிறேன்" என்ற பேச்சைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு வேண்டியது உங்கள் சுவர் இல்லை, கல்தான். மூன்று தலைமுறை மழையில் நனைந்து பாசி பிடித்துக் கறுத்த கல்லுக்கு ரிசார்ட் கட்டுகிறவர்களிடம் தனி விலை உண்டு. உங்கள் தோட்டத்தில் "ஒன்றுக்கும் ஆகாத கல்"லாகக் கிடப்பது, ரோட்டுக்கு ஏறியதும் "ஆன்ட்டிக் ஸ்டோன்" ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சரிந்த 12 அடிக்கு அஸ்திவாரத்தோடு சேர்த்துச் சுமார் 150 கன அடி கட்டு. ஒரு கன அடி கருங்கல் கிட்டத்தட்ட 75 கிலோ. நடுவில் உள்ள சந்து பொந்தைக் கழித்தாலும் எட்டு டன் கல் உங்கள் கீழ்ப்படியில் கிடக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு நாளைக்கு வெளியிலிருந்து கல் ஏற்றி வந்தால் அதற்கு விலை, வண்டி வாடகை, கல் ஏற்றிச் செல்ல அரசாங்கம் தரும் நடைச்சீட்டு எல்லாம் வேண்டும். சீட்டு இல்லாத வண்டி பிடிபட்டால் ஏற்றியவர் மாயமாகிவிடுவார், நிலத்துக்காரர்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும்.

இடுக்கில் பூசச் சொன்ன மேஸ்திரி கெட்டவர் இல்லை. அவர் பழகிய வேலை அது. ஆனால் கல்கட்டு இத்தனை வருடம் நின்றதே அந்த இடுக்குகளால்தான். மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கி, கல்லுக்கு நடுவே கசிந்து வெளியே வந்துவிடும். வெளியே வழி அடைபட்டால் அது பின்னால் தேங்கும். 5 அடிக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஒரு டன்னுக்கு மேல் தள்ளும். நனைந்த மண்ணின் தள்ளு அதற்கு மேல் தனி. பூசிய கட்டு ஒன்றிரண்டு மழைக்குத் தாங்கும். பிறகு கல் கல்லாகச் சரியாது, பலகை மாதிரி மொத்தமாகச் சாயும்.

சிமென்ட் சுவரிலும் பைப் வைக்கிறார்களே என்பீர்கள். அடைமழை நாளில் ரோட்டோரத் தடுப்புச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போங்கள், எத்தனை பைப் சொட்டுகிறது என்று எண்ணுங்கள். பின்னால் ஜல்லி போடாமல் மண்ணைத் தள்ளி மூடியிருந்தால் பைப் சேற்றில் அடைந்து கிடக்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகும் எஸ்டிமேட்டில் கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்றுதான் பார்க்கிறார்கள். தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்டால் அதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் நான் கல்லடுக்கு வேண்டாம் என்பேன். கட்டின் உயரம் எவ்வளவோ, மேல்படியில் விளிம்பிலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் பாரம் இருக்கக் கூடாது. உங்களுக்கு 5 அடி. நான் 8 அடி என்றே சொல்வேன். வீடு, மாட்டுக்கொட்டகை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் பாரம்தான். எல்லாவற்றையும்விடத் தண்ணீர்த் தொட்டி. 5,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் 5 டன். அதோடு அது கசியும், வழியும், வால்வு போகும். பாரத்தைத் தலையிலும் தண்ணீரை முதுகிலும் ஏற்றிய மாதிரி. "இப்போது இல்லை, அடுத்த வருடம்தான் வைக்கப்போகிறோம்" என்றாலும் இதே பதில். பாதிதான் நிரப்புவோம் என்றாலும் இதேதான், யாரும் பாதியில் மோட்டாரை நிறுத்தியதை நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டையும் தொட்டிதான். அப்படி ஏதாவது இருந்தால் முதலில் தொட்டியைத் தள்ளி வையுங்கள். முடியாது என்றால் படித்த இன்ஜினியர் ஒருவரை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கட்டுகிற விதம். மாசி, பங்குனியில் மண் காய்ந்திருக்கும்போது தொடங்குங்கள். ஜேசிபி வேண்டாம். அது மலையை உள்ளே வெட்டி, நிற்கிற மண்ணையும் தளர்த்திவிடும். ஜேசிபிக்கு அனுமதி வாங்கித் தருகிறேன் என்று ஒரு தரகர் வேறு வருவார். கடப்பாரையும் சம்மட்டியும் நூலும் போதும்.

கடப்பாரை குத்தினால் இறங்காத கெட்டி மண் வரும்வரை, ஒரு அடியாவது தோண்டி, இருப்பதிலேயே பெரிய கற்களை அடியில் போடுங்கள். கட்டின் அடிப்பக்க அகலம் உயரத்தில் பாதி, அதாவது இரண்டரை அடி. மேலே போகப் போகக் கட்டின் முகம், அதாவது வெளியே தெரியும் பக்கம், மலைப்பக்கம் சாய வேண்டும், அடிக்கு 2 அங்குலம் வீதம். ஒரு கல்லின் மேல் இரண்டு, இரண்டின் மேல் ஒன்று. மேலும் கீழும் சந்து ஒரே கோட்டில் ஓடக் கூடாது.

ஏமாற்றுவது எங்கே என்றால், கல்லின் நீளத்தில். நீளமான கல்லை உள்ளே போகிற மாதிரி வைக்க வேண்டும், வெளியே கையளவு முகம்தான் தெரியும். கூலிக்கு விட்டால் அதையே அகலவாக்கில் திருப்பி, முகம் பெரிதாகத் தெரிகிற மாதிரி வைப்பார்கள். சீக்கிரம் வேலை முடியும், போட்டோவுக்கும் அழகு. உள்ளே ஒன்றும் இருக்காது. சதுர அடிக் கணக்கில் பேசினால் இதுதான் நடக்கும், நாள் கூலி பேசுங்கள்.

ஒவ்வொரு கல்லையும் வைத்ததும் இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பின்பக்கத்திலிருந்து சக்கை, அதாவது ஆப்பு மாதிரிச் சின்னக் கல், கொடுங்கள். முன்னாலிருந்து செருகிய சக்கை ஒரே மழையில் துப்பிவிடும். ஒரு வரிசை முடிந்ததும் அதன்மேல் ஏறி நடங்கள், எந்தக் கல் கடகடக்கிறது என்று கால் சொல்லிவிடும். முதுகுப் பக்கம் ஒரு அடிக்குச் சில்லுக் கல்தான், மண் இல்லை. ஆரம்ப காலத்தில் கோத்தகிரிப் பக்கம் ஒரு கட்டுக்கு அவசரத்தில் பின்னால் மண்ணை வாரிப் போட்டு மூடினேன். முகம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. அடுத்த கார்த்திகைக்கு அது கீழ்ப்படி உருளைக்கிழங்கின் மேல் கிடந்தது. தோட்டக்காரர் திட்டவில்லை, டீ கொடுத்தார். அதுதான் இன்னும் சுடுகிறது.

மகனுடைய வீடியோவுக்கு வருகிறேன். அவற்றில் வருவது பெரும்பாலும் இங்கிலாந்து மேய்ச்சல் வெளியில் தனியாக நிற்கும் வேலிச் சுவர், இரண்டு பக்கமும் முகம். உங்களுடையது ஒரு முகம்தான், முதுகில் மலை. கல் வைக்கும் கைவாகு ஒன்றுதான், தண்ணீர்க் கணக்கு வேறு. இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ ஐரோப்பாவின் எட்டு நாடுகளின் பெயரில் தன் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் மலையில் இதே வேலை தெரிந்த பெரியவரைக் 'கூலியாள்' என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருக்கு முழுக் கூலி கொடுத்து நிழலில் உட்காரவையுங்கள், மகன் கல்லைத் தூக்கட்டும். இரண்டு பேர் உழைத்தால் 12 அடிக்கு ஒரு வாரம்.

வயிறு தள்ளிய 8 அடியை உடனே பிரிக்க வேண்டியதில்லை. உடைந்த விளிம்பில் தளர்ந்த கல்லை மட்டும், உறுதியான கல் வரும்வரை படிப்படியாக எடுத்துப் புதுக் கட்டோடு கோத்துவிடுங்கள். கல்லிடுக்கில் முளைத்த சீகைக் கன்றையும் உண்ணிச்செடியையும் பிடுங்காதீர்கள், கல்லும் கூட வரும். அடியோடு வெட்டிவிட்டுத் துளிர்க்கத் துளிர்க்க நறுக்குங்கள். பிறகு வயிற்றுக்கு முன்னால் ஒரு அடி தள்ளி இரண்டு முனையிலும் முளை அடித்து, இடுப்பு உயரத்தில் நூல் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். குறையாமல் இருந்தால் அப்படியே விடலாம். விரல் அகலம் குறைந்தாலும் அடுத்த மழைக்கு முன் பிரித்துக் கட்டிவிட வேண்டும். அதுவரை அதன் கீழே யாரும் உட்கார்ந்து பூண்டு ஆய வேண்டாம்.