பதில்: அம்மாவோட பத்மநாபபுரம் அரண்மனை, திங்கள்கிழமை போகலாமா?

அக்கா, திங்கள் மட்டும் வேண்டாம், அண்டைக்கு அரண்மனை பூட்டு. நீங்க கொழும்பில இருந்து திருவனந்தபுரத்துக்கு ஞாயிறு போய் இறங்கிறதெண்டா திங்கள் கன்னியாகுமரியை முடிச்சிட்டு செவ்வாய் திரும்பி வர்ற வழியில அரண்மனைக்குக் கிட்ட இருக்கிற தக்கலை ஊர்ல இறங்குங்கோ, ரெண்டும் ஒரே ரோட்டுப் பக்கம்தான். மத்தியானம் 1 மணிக்கு மூடி 2 மணிக்குத்தான் திறப்பாங்க, அதால காலம 9 மணிக்கே நிண்டா நல்லம், ஸ்கூல் பிள்ளைகள்ட கூட்டமும் குறைவா இருக்கும்.

அம்மாட முழங்கால் பற்றிக் கேட்டிருந்தீங்க. உண்மையைச் சொன்னா கஷ்டம். பெரும்பாலும் மர மாளிகை, படியெல்லாம் ஒடுக்கம், செங்குத்து, சில இடத்துல குனிஞ்சுதான் போகணும், சப்பாத்தையும் வெளிய கழட்டி வைக்கணும். மேல ஏற ஏலாட்டி கீழ நவராத்திரி மண்டபத்தை ஆறுதலாப் பார்க்கட்டும், அந்தக் கறுப்புத் தரை சிமெந்தே இல்ல, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெழுகினதாம், இண்டைக்கும் முகம் தெரியுது. எனக்கு அரசர்ட கட்டிலை விட அதுதான் பிடிச்சது.

மற்றது, இடம் தமிழ்நாட்டுல இருந்தாலும் பராமரிக்கிறது கேரளா தொல்லியல் துறை. 1795 வரைக்கும் திருவிதாங்கூர் எண்ட பழைய அரசுட (இப்ப அதுல பெரும்பகுதி கேரளாவுல) தலைநகர் இதுதான், 1956ல கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தாலும் மாளிகை கேரளாட கையிலயே நிண்டுட்டு. அதால லீவு நாள் பார்க்கிறதெண்டா கேரளா பக்கத்து வெப்சைட்டைப் பாருங்கோ. கமராவுக்குத் தனி டிக்கட்.