பாசஞ்சரை நம்பி அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: சிதம்பரத்தில் இருக்கிறேன். அம்மாவின் சிகிச்சைக்காக அடிக்கடி வேலூர் போக வேண்டியிருக்கிறது. பாசஞ்சரில் விழுப்புரம் வந்து, அங்கிருந்து காட்பாடி வழியாகப் போகும் எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்து போவது வழக்கம். போன மாதம் பாசஞ்சர் கடலூர் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எக்ஸ்பிரஸைத் தவறவிட்டோம். டாக்டரைப் பார்க்கும் நேரமும் போனது. டிக்கெட் பணமும் திரும்ப வரவில்லை. பாசஞ்சரை ஏன் இப்படி நிறுத்திவைக்கிறார்கள்? முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: நீங்கள் பயணம் செய்யும் விழுப்புரம் - மயிலாடுதுறை - தஞ்சாவூர் பாதை மின்மயமாகிவிட்டது, ஆனால் இன்னும் ஒற்றைப் பாதைதான். விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் பாதை இரட்டையாகிவிட்டதால் அங்கே இந்தத் தொல்லை இந்த அளவுக்குக் கிடையாது. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் இருக்கும் ஸ்டேஷனிலிருந்து 'லைன் கிளியர்' வராமல் உங்கள் ரயிலுக்கு சிக்னல் விழாது. எதிரே வரும் ரயிலானாலும், பின்னால் வரும் வேகமான ரயிலானாலும், வழிவிடுவதற்குக் கிளைப்பாதை உள்ள ஸ்டேஷனில்தான் ஒதுங்கி நிற்க முடியும். பண்ருட்டி, கடலூர் துறைமுகம், சிதம்பரம் போன்ற இடங்களில் அந்த வசதி உண்டு. எல்லா நிறுத்தங்களிலும் கிடையாது.

யார் ஒதுங்குவது என்பதற்கு ஒரு முன்னுரிமை வரிசை இருக்கிறது. விபத்து நடந்த இடத்துக்கு விரையும் மீட்பு ரயிலுக்கு முதலிடம். அதற்குப் பிறகு வந்தே பாரத், சூப்பர்ஃபாஸ்ட் வகைகள், மெயில், எக்ஸ்பிரஸ் என்று போய்க் கடைசிப் பக்கத்தில்தான் பாசஞ்சர் வருகிறது. அதற்கும் கீழே இருப்பது பொதுவாகச் சரக்கு ரயில். இதை முடிவு செய்பவர் உங்கள் ரயிலின் ஓட்டுநரோ ஸ்டேஷன் மாஸ்டரோ அல்ல. திருச்சிக் கோட்டக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அந்தப் பகுதியின் எல்லா ரயில்களையும் பார்த்துக்கொண்டிருக்கும் கன்ட்ரோலர்தான். அதனால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டை போடுவதில் பலன் இல்லை. "எந்த வண்டிக்கு நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்று தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். அந்த ஒரு பதிலே உங்களுக்குப் போதும்.

ஒரு எக்ஸ்பிரஸ் முந்திப்போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே 10 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாசஞ்சர் முழுவதும் கிளைப்பாதைக்குள் போய் நின்ற பிறகுதான் பின்னால் உள்ள ஸ்டேஷனிலிருந்து எக்ஸ்பிரஸுக்கு வழி கொடுக்க முடியும். அது உங்களைக் கடக்க 6 நிமிடம், அடுத்த ஸ்டேஷனைத் தாண்ட இன்னொரு 6 நிமிடம். அதன் பிறகுதான் உங்களுக்கு லைன் கிளியர். கிளைப்பாதைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத இடங்களே அதிகம். எல்லாம் சேர்ந்தால் எந்தக் கோளாறும் இல்லாமலே 15, 20 நிமிடம் போய்விடும். அதே நேரத்தில் எதிரிலும் ஒரு வண்டி வந்தால் அதையும் உள்ளே வாங்கிய பிறகுதான் உங்களை விடுவார்கள். அரை மணி நேரம் முடிந்தது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அட்டவணைப்படி ஓடும் வரை பாசஞ்சருக்கும் தனக்கென்று ஓர் இடைவெளி இருக்கும். அதைத் தவறவிட்டால், நேரத்துக்கு வந்துகொண்டிருக்கும் எக்ஸ்பிரஸைக் கெடுத்து உங்களுக்கு வழிவிட எந்தக் கன்ட்ரோலரும் எளிதில் முன்வர மாட்டார். புறப்படும்போது 10 நிமிடமாக இருந்த தாமதம் பாதி வழியில் ஒரு மணி நேரமாவது இப்படித்தான். ஆகவே "இப்போது 10 நிமிடம்தான் லேட்" என்று செயலி காட்டுவதை வைத்து விழுப்புரத்தில் எப்போது இறங்குவோம் என்று முடிவு செய்யாதீர்கள். அந்த 10 நிமிடத்தில் எந்தக் கிராசிங் (எதிரெதிரே வரும் ரயில்கள் ஒரு ஸ்டேஷனில் ஒன்றையொன்று கடப்பது) கைநழுவியது என்பதுதான் கேள்வி.

அதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியில் 'லைவ் ஸ்டேஷன்' என்று ஒரு பகுதி உண்டு. ஒரு ஸ்டேஷன் பெயரைக் கொடுத்தால் அடுத்த சில மணி நேரத்தில் அங்கே வரப்போகும் ரயில்களைக் காட்டும். கிளம்புவதற்கு முன் சிதம்பரம், திருப்பாதிரிப்புலியூர், பண்ருட்டி, விழுப்புரம் நான்கையும் பாருங்கள். எதிர்த்திசையிலும் உங்கள் பின்னாலும் என்னென்ன எக்ஸ்பிரஸ் வருகின்றன, அவை எவ்வளவு தாமதம் என்று பார்த்தால் போதும். எதிரே வரும் எக்ஸ்பிரஸ் தாமதமாக வந்தாலும் உங்களுக்குத்தான் சிக்கல். வழக்கமாக ஓர் இடத்தில் நடக்க வேண்டிய கிராசிங் வேறோர் இடத்துக்கு மாறி, நீங்கள் அங்கே காத்திருக்க நேரிடும். செயலி காட்டும் 'எதிர்பார்க்கப்படும் நேரம்' பெரும்பாலும் இப்போதைய தாமதத்தை முன்னால் உள்ள நிறுத்தங்களோடு கூட்டிச் சொல்வதுதான். கன்ட்ரோலர் மனதில் இருக்கும் திட்டம் அதில் வராது.

அப்புறம், உங்கள் பாசஞ்சரின் பெட்டிகள் எந்த ரயிலாக வந்து சேர்கின்றன என்று ஒருமுறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த பெட்டித் தொடரே திரும்பிப் போவது பாசஞ்சர், மெமு ரயில்களில் சாதாரணம். வர வேண்டிய வண்டி இன்னும் வழியில் நிற்கிறது என்றால், உங்கள் ரயில் 'சரியான நேரம்' என்று திரையில் இருந்தாலும் நேரத்துக்குக் கிளம்பப்போவதில்லை. தினமும் போய்வருகிறவர்களுக்கு இது அத்துப்படி. அவர்களிடம் கேளுங்கள்.

அட்டவணையிலேயே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கடைசி இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதே தூரத்தை எதிர்த்திசையில் போகும் ரயில் எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்றும் பாருங்கள். கடைசியில் கூடுதல் நிமிடங்கள் வைத்திருப்பார்கள், வழியில் இழந்த நேரத்தை ஈடுகட்டுவதற்காக. விழுப்புரத்தில் முடியும் ரயிலில் வரும் உங்களுக்கு அது கொஞ்சம் கைகொடுக்கும். பண்ருட்டியில் இறங்குகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. சேருமிடத்தில் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அந்த ரயில் நேரம் தவறாததாகவே கணக்கில் ஏறும். நடுவில் இறங்குகிறவர்களின் தாமதம் எந்தக் கணக்கிலும் வராமல் போவது இப்படித்தான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

டிக்கெட் விஷயத்தில் ஒரு யோசனை. முக்கியமான நாளில் பாசஞ்சர் கட்டணத்தில் எடுக்காமல் எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துப் பாசஞ்சரிலும் போகலாம். பாசஞ்சர் சிதம்பரத்திலோ கடலூரிலோ ஒதுக்கப்பட்டு, பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்குமானால், அதன் பொதுப்பெட்டிக்கு மாறிக்கொள்ளலாம். அது சூப்பர்ஃபாஸ்ட் என்றால் அதற்கான கூடுதல் கட்டணமும் டிக்கெட்டில் சேர்ந்திருக்க வேண்டும். பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறி மாட்டினால், கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் கேட்பார்கள். மற்றபடி ரயில் தாமதமாவதால் உங்கள் டிக்கெட் காலாவதியாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 199 கிலோமீட்டர் வரையான முன்பதிவில்லாத டிக்கெட்டில், வாங்கிய 3 மணி நேரத்துக்குள் அல்லது அதன் பிறகு கிளம்பும் முதல் ரயிலில் பயணத்தைத் தொடங்கினால் போதும்.

மாறும்போது தயவுசெய்து நடைமேடை மேம்பாலத்தையே பயன்படுத்துங்கள். கிளைப்பாதையில் பாசஞ்சர் நிற்கிறது என்றாலே பக்கத்துப் பாதையில் ஒரு ரயில் நிற்காமல் பறக்கப்போகிறது என்றுதான் அர்த்தம். காற்று வாங்க அந்தப் பக்கம் இறங்கி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வயதானவர்களை அழைத்துப் போகும்போது தண்ணீர், மாத்திரை, கொஞ்சம் சாப்பாடு கையில் இருக்கட்டும். வண்டி ஒதுங்கும் சின்ன ஸ்டேஷன்களில் ஒரு டீக்கடைகூட இருக்காது.

சரி, பணத்துக்கு வருவோம். தவறவிட்ட எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுக்கு நீங்கள் பணம் கேட்க வழியில்லாமல் போனதன் காரணம் இதுதான்: முதல் ரயில் தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் வசதி 2019 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு பயணமும் முன்பதிவு செய்யப்பட்டு, இரண்டு பிஎன்ஆர் எண்களும் (முன்பதிவு எண்கள்) ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பாசஞ்சர் டிக்கெட்டுக்குப் பிஎன்ஆர் கிடையாது. இணைத்திருந்தால் முதல் ரயில் வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்து, போகாத பயணத்துக்கான பணத்தைப் பெறலாம். ஆகவே டாக்டரைப் பார்க்கும் நாளில் சிதம்பரத்திலிருந்தே ஓர் எக்ஸ்பிரஸில் உட்காரும் வகுப்பு முன்பதிவு செய்து, காட்பாடி டிக்கெட்டோடு இணைத்துவிடுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் பாதுகாப்பு உண்டு. அப்படி ரயில் அமையாவிட்டால் ஒரு பாசஞ்சர் முன்னதாகவோ பஸ்ஸிலோ விழுப்புரம் வந்துவிடுங்கள். இந்தப் பாதையில் பாசஞ்சருக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

விழுப்புரத்தில் நீங்கள் ஏற வேண்டிய எக்ஸ்பிரஸே 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் செய்யாமல் முழுப் பணமும் கேட்கலாம். அந்த ரயில் கிளம்பும் முன்பே டிடிஆர் பதிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கவுன்டரில் எடுத்த டிக்கெட் என்றால் அதற்குள் கவுன்டரில் ஒப்படைக்க வேண்டும்.

இழப்பீடு என்று கேட்டால், கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. 2016-ல் அஜ்மீர் - ஜம்மு ரயில் சுமார் 4 மணி நேரம் தாமதமாகி, ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணிக்கு 30,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ரயில் நேரத்துக்கு வரும் என்று உத்தரவாதம் இல்லை எனத் தங்கள் விதியிலேயே இருப்பதாக ரயில்வே வாதிட்டது. தாமதத்துக்கான காரணம் தங்கள் கையை மீறியது என்று ரயில்வே நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சேவைக் குறைபாடு என்றது நீதிமன்றம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட், தாமதம் தெரியும் செயலியின் ஸ்கிரீன்ஷாட், தவறிய டாக்டர் நேரத்துக்கான ஆதாரம், மாற்று வண்டிக்குக் கொடுத்த பணத்தின் ரசீது எல்லாம் வேண்டும். உங்கள் வழக்கில் கட்டாயம் ஜெயிக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய செலவு ஆகியிருந்தால் முயற்சி செய்வது தப்பில்லை.

ஒருநாள் தாமதத்துக்கு 139-ல் அல்லது ரயில் மதத் செயலியில் புகார் பதியுங்கள். ஒரே ரயில் அடிக்கடி ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் அது அட்டவணைப் பிழை. அதற்குத் தனிப்புகார் போதாது. சக பயணிகளோடு சேர்ந்து சில வாரங்கள் தேதி, ரயில் எண், நின்ற ஸ்டேஷன், நின்ற நேரம், கடந்துபோன ரயிலின் பெயர் இவற்றைக் குறித்துவையுங்கள். அதே நாட்களுக்கான தாமத விவரத்தை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் திருச்சிக் கோட்டத்திடம் கேட்டு வாங்கலாம். இரண்டையும் இணைத்துக் கோட்ட மேலாளருக்கும் கோட்ட ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுவில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள். "ரயில் லேட்" என்று எழுதாதீர்கள். எந்தக் கிராசிங்கை எங்கே மாற்றினால், அல்லது புறப்படும் நேரத்தை எவ்வளவு முன்னே தள்ளினால் தீரும் என்று எழுதுங்கள். புதிய கால அட்டவணை வருவதற்குச் சில மாதங்கள் முன்பே அது அவர்கள் மேசைக்குப் போய்விட வேண்டும்.