டிராஃப்ட் லீகுக்கு ஆள் சேர்ப்பது: புதுசா, பழசா? (கேள்வி பதில்)

ஃபேண்டஸி பிரீமியர் லீகில் (எஃப்பிஎல், அதாவது இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை வெச்சு ஆன்லைனில் ஆடுற விளையாட்டு) டிராஃப்ட் லீக், அதாவது நண்பர்கள் சுற்றுச் சுற்றா முறை வெச்சு வீரர்களைப் பங்கு போட்டுக்கிற வகை, தொடங்குறவங்க கேட்டதும், அதுக்கான பதில்களும்.

கோவை_கன்னர்: அண்ணா, ஆறு பேர் இருக்கோம், இன்னும் ரெண்டு பேர் வேணும். பல வருஷம் ஆடினவங்களைக் கூப்பிடலாமா, இல்ல மேட்ச் மட்டும் பார்க்கிற நண்பர்களையா?

அனுபவத்தை விடுங்க தம்பி, வாராவாரம் வருவாங்களான்னு பாருங்க. சாதாரண எஃப்பிஎல்லில் ஒருத்தர் பாதியில் விட்டா யாருக்கும் நஷ்டமில்லை. ஹாலண்ட் மாதிரி நட்சத்திர வீரரை எல்லாருமே வெச்சுக்கலாம். டிராஃப்ட்டில் ஒரு வீரர் ஒரே அணிக்குத்தான், அதனால விட்டுட்டுப் போனவர் கையில் 15 பேர் பூட்டிக் கிடப்பாங்க. ஹெட் டு ஹெட்னா (வாராவாரம் ரெண்டு ரெண்டு பேரா நேருக்கு நேர் மோதுற முறை) இன்னும் மோசம். அக்டோபரில் அவரோட மோதினவருக்கு நிஜ ஆட்டம், பிப்ரவரியில் மோதுறவருக்கு ஓசியில் மூணு புள்ளி. ஏழெட்டு லீகில் இருக்கிற பழைய ஆள் முதல்ல கைவிடுறது உங்க லீகைத்தான்.

மதுரை_காப்: அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அவரோட சாதாரண எஃப்பிஎல் அணிப் பக்கத்தில் வாராவார வரலாற்றைத் திறங்க. ரேங்க் வேண்டாம், டிரான்ஸ்ஃபர் (வீரரை மாத்துறது) எண்ணிக்கையைப் பாருங்க. 28வது கேம்வீக்குக்கு (ஆட்ட வாரம்) மேல வரிசையா பூஜ்யம்னா ஆள் தேற மாட்டார். இலவச டிரான்ஸ்ஃபரை 2024/25லிருந்து அஞ்சு வரைக்கும் சேர்க்கலாம், அதனால நடுவில் ரெண்டு மூணு பூஜ்யம் குத்தமில்லை. மே மாசத்திலேயே பார்த்துடுங்க. புது சீசனுக்குத் தளம் மாறினதும் வார விவரம் போயிடும், மொத்தப் புள்ளியும் ரேங்கும்தான் மிஞ்சும்.

புதுசுக்கு வேற சோதனை. டிராஃப்ட்டுக்கு மூணு நாள் முன்னாடி வாட்ச்லிஸ்டில் (எடுக்க நினைக்கிற வீரர்கள் பட்டியல்) 40 பேரை வரிசைப்படுத்தச் சொல்லுங்க. செஞ்சா சேர்த்துக்கலாம். சாக்கு சொன்னா, நவம்பரிலும் அதே சாக்குதான்.

நெல்லை_ப்ளூ: புதுசா வர்றவங்க எங்கே சறுக்குவாங்க?

டெட்லைனில்தான். முதல் மேட்சுக்கு 90 நிமிஷம் முன்னாடி அணி பூட்டிக்கும். இங்கிலாந்தில் சனிக்கிழமை 12:30 மேட்ச்னா நமக்கு டெட்லைன் மாலை 3:30. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பினதும் 4:30. வெள்ளி ராத்திரி 8 மணி மேட்ச் இருந்தா ராத்திரி 11, குளிர்காலத்தில் சரியா நள்ளிரவு 12. வெய்வர் (யார்கிட்டயும் இல்லாத வீரரைக் கேட்டு வைக்கிறது) அதுக்கும் 24 மணி நேரம் முன்னாடியே முடியும், அதாவது வியாழன் ராத்திரி. சனிக்கிழமை காலையில் ஆற அமரத் திறக்கிறவர் ரெண்டையும் கோட்டை விட்டிருப்பார்.

ஃபேண்டஸி கிரிக்கெட்டில் இருந்து வர்றவங்க கேப்டனைத் தேடுவாங்க. டிராஃப்ட்டில் கேப்டனும் கிடையாது, சிப்பும் (ஒரு வாரத்துக்குப் போட்டுக்கிற சிறப்புச் சலுகை) கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது. அப்புறம் கோல்கீப்பரை அஞ்சாவது சுற்றிலேயே எடுக்கிறது. எட்டு பேர் ஆளுக்கு ரெண்டுன்னா 16 கீப்பர்தான் போவாங்க, கிளப் இருபது. கடைசிச் சுற்றுகள் வரைக்கும் பொறுக்கலாம்.

ஹாரோ_அக்கா: எங்க கூட்டத்தில் 12 பேர் ஆசைப்படறாங்க. ஒரே லீகா போடலாமா?

16 வரைக்கும் இடம் உண்டு அக்கா, ஆனா கணக்குப் போடுங்க. 20 கிளப்பில் வழக்கமா இறங்குறவங்க 220 பேர். 12 பேர்னா 180 வீரர்கள் போயிடுவாங்க. ரெண்டு பேருக்குக் காயம்பட்டா மாத்து எடுக்க உருப்படியான ஆள் கிடைக்கிறது கஷ்டம், புதுசா வந்தவங்க அங்கேதான் சலிச்சுப் போவாங்க. எட்டுன்னா 120தான். ஆறு ஆறா ரெண்டு லீக் போடுங்க, ஒவ்வொண்ணிலும் பழைய ஆளுங்க மூணு பேர்.

சேலம்_ஸ்பர்ஸ்: பழைய ஆளுங்க டிரேடில் (வீரர்களை மாத்திக்கிற பேரத்தில்) புதுசை ஏமாத்துவாங்களே?

ஏமாத்துவாங்க. லீக் உருவாக்கும்போதே டிரேடுக்கு நிர்வாகி ஒப்புதல்னு வெச்சிடுங்க. வெய்வர் வரிசையில் கடைசி இடத்துக்காரருக்குத்தான் முதல் உரிமைன்னும் புதுசுக்குச் சொல்லிக் குடுங்க. நல்ல ஆயுதம் அது, பாதிப் பேருக்குத் தெரியாது.

திருச்சி_டாஃபி: ஜனவரியில் அடிமட்டத்தில் இருக்கிறவரை எப்படிப் பிடிச்சு வைக்கிறது?

சாதாரண எஃப்பிஎல்லில் பக்கத்திலேயே ஒரு மினி லீக் (நண்பர்களுக்குள்ள தனிப் போட்டி) போடுங்க, புள்ளி 20வது கேம்வீக்கிலிருந்து தொடங்குற மாதிரி. 2025/26லிருந்து சிப்புகளும் ரெண்டாம் பாதிக்குப் புதுசா கிடைக்குது, எல்லாரும் ஒரே கோட்டில் நிப்பாங்க. பந்தயப் பணம் மட்டும் வேண்டாம். 2025 ஆகஸ்ட் சட்டத்துக்கு அப்புறம் இந்தியாவில் ஆன்லைன் பண விளையாட்டுக்குத் தடை. ஒரு கோப்பை வாங்கி வீடு வீடாச் சுத்த விடுங்க, போதும்.