ஜாக்சனுக்கு முன்பே

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் அரசு வேலைகளைக் கட்சிக்காரர்களுக்குப் பங்கு போடும் வழக்கத்தை 1829-ல் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சன்தான் தொடங்கிவைத்தார் என்று படித்தேன். அதற்கு முன்பிருந்தவர்கள் தகுதியை மட்டும்தான் பார்த்தார்களா?

க.

அன்புள்ள க.,

இல்லை. பழி முழுவதையும் ஜாக்சன் தலையில் கட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1801-ல் நியூ ஹேவன் துறைமுகத்தில் நடந்ததைப் பாருங்கள். தேர்தலில் தோற்ற ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ், பதவியின் கடைசி நாட்களில் அந்த ஊர்ச் சுங்க வசூல் அதிகாரியாகத் தன் கட்சிக்காரர் எலிசர் குட்ரிச்சை நியமித்துவிட்டுப் போகிறார். அடுத்து வந்த ஜெஃபர்சன் அவரை நீக்கிவிட்டு, ஊர் மேயர் சாமுவேல் பிஷப்பை அந்த இடத்தில் வைக்கிறார். பிஷப்புக்கு வயது 77. கண் தெரியவில்லை, பெயர் எழுதவே தடுமாறுகிறார் என்று வணிகர்கள் சேர்ந்து மனு கொடுத்தார்கள். ஆனால் அவருடைய மகன் ஆப்ரகாம், ஜெஃபர்சனுக்காக மேடைமேடையாகப் பேசியவர். வேலை உண்மையில் யாருக்கு என்பது ஊருக்கே தெரியும்.

ஜெஃபர்சனின் பதிலில் ஒரு நியாயமும் இருந்தது. எல்லா இடத்திலும் எதிர்க்கட்சி ஆட்களே உட்கார்ந்திருக்கிறார்கள், சாவால் காலியாகும் இடங்கள் கொஞ்சம், ராஜினாமாவால் ஒன்றுமே இல்லை, அப்புறம் எங்களுக்கு எப்படி இடம் கிடைக்கும் என்று கேட்டார். 1803-ல் கிழவர் இறந்ததும் அந்த வேலை மகனுக்கே போனது, 1829 வரை அவரிடமே இருந்தது.

ஜாக்சன் செய்தது இதற்கு வெளிப்படையாக ஒரு கொள்கையைக் கொடுத்ததுதான். அரசு வேலை எளிமையானது, புத்தியுள்ள எவரும் கற்றுக்கொள்ளலாம், ஒருவரே நெடுநாள் இருந்தால் அதைச் சொந்தச் சொத்தாக நினைத்துவிடுவார் என்றார். அப்பனுக்குப் பின் மகன் வந்த நியூ ஹேவனை நினைத்தால் அந்த வாதத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆனால் யாரை வைப்பது என்று வந்தபோது அவரும் விசுவாசத்தைத்தான் பார்த்தார். தன் வெளியுறவு அமைச்சர் வான் பியூரன் எச்சரித்தும் கேட்காமல், நாட்டிலேயே அதிக வருமானம் வந்த நியூயார்க் சுங்கத்தைத் தன் ஆதரவாளர் சாமுவேல் ஸ்வார்ட்வவுட்டிடம் ஒப்படைத்தார். 1838-ல் ஸ்வார்ட்வவுட் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கணக்கைப் பார்த்தால் 12 லட்சம் டாலருக்கு மேல் குறைந்தது.