எச்.ஆர். நீட்டும் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆபரேட்டர், நிரந்தரம், 6 வருடம் 4 மாதம் ஆகிறது. ஆர்டர் குறைந்துவிட்டதாம், ஜூலை 18-ஓடு வேலை இல்லை என்கிறார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும் தருவதாக எச்.ஆர். சொல்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். மொத்தச் சம்பளம் 20,500, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் 13,000. பி.எஃப்.பில் 1,40,000 இருக்கிறது. பர்சனல் லோன் பாக்கி 1,60,000, மாதத் தவணை 6,400. வீட்டுச் செலவு வாடகையோடு 17,000. பி.எஃப்.பை எடுத்து லோனை அடைத்துவிடலாமா? அரசு உதவி ஏதாவது கிடைக்குமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: முதலில் அந்தக் கடிதம். அதில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்கிறேன்: ஆங்கிலத்தில் மூன்று வரி, ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன், எனக்குப் பாக்கி எதுவும் இல்லை’, கீழே உங்கள் பெயர், தேதி மட்டும் காலி. வெள்ளிக்கிழமை வரை அதைத் தொடாதீர்கள், வெள்ளிக்கிழமையும் தொடாதீர்கள்.

கம்பெனி உங்களை அனுப்பினால் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. நீங்களாகப் போனால் ராஜினாமா. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். உங்கள் கணக்கில் இழப்பீடு தோராயமாக 61,500, நோட்டீஸ் சம்பளம் 20,500, ஆக 82,000. எச்.ஆர். பெரிய மனது பண்ணித் தருவதாகச் சொல்லும் இரண்டு மாதச் சம்பளம் 41,000. பாதி விலைக்குக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். 300 பேரோ அதற்கு மேலோ இருக்கிற தொழிற்சாலை என்றால் ஆட்குறைப்புக்கு அரசிடம் முன்அனுமதியும் வாங்க வேண்டும். எல்லோரையும் ‘தானாக’ விலக வைப்பதில் இவ்வளவு அக்கறை ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய இழப்பு இ.எஸ்.ஐ.யில், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டில். சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் உங்களுக்கு மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்கள், பெரும்பாலானவர்கள் அதை ஆஸ்பத்திரி கார்டு என்றுதான் நினைக்கிறார்கள். ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று அதில் ஒரு திட்டம் 2005-லிருந்து இருக்கிறது. தொழிற்சாலை மூடப்பட்டோ ஆட்குறைப்பிலோ வேலை போய், குறைந்தது இரண்டு ஆண்டு சந்தா கட்டியிருந்தால், முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம் கிடைக்கும். உங்களுக்கு அது முதல் வருடம் மாதம் சுமார் 10,000. ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று இன்னொன்று உண்டு, 90 நாளுக்கு 50 சதவீதம், வாழ்நாளில் ஒரே முறை. அது காலக்கெடு வைத்து நீட்டித்து நீட்டித்து ஓடும் திட்டம் என்பதால், முதலாவதையே குறிவைத்துப் போங்கள்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) மட்டும் இரண்டு வழியிலும் உண்டு, ஐந்து ஆண்டு தாண்டிவிட்டீர்கள். 13,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 6 வருடத்தால் பெருக்குங்கள்: 45,000. முப்பது நாளுக்குள் தர வேண்டும். மற்ற சம்பள பாக்கி இரண்டு வேலை நாளில் வர வேண்டும் என்பது 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. தாமதமானால் எச்.ஆருக்கு மெயில் போடும்போது இந்தத் தேதியையும் எழுதிவிடுங்கள், வேலை செய்யும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். கையெழுத்துப் போட்டால் கையில் 41,000-மும் 45,000-மும், ஆக 86,000. தவணையோடு உங்கள் மாதச் செலவு 23,400, அதனால் நாலு மாதம்கூடத் தாங்காது. போடாவிட்டால் 1,27,000, கூடவே இ.எஸ்.ஐ. 10,000 வர வர மாதத் துண்டு 13,400 தான், ஒன்பது மாதம் ஓடும். இதில் பி.எஃப்.பை இன்னும் தொடவே இல்லை. ஒரு எச்சரிக்கை, இ.எஸ்.ஐ. பணம் முதல் மாதமே வந்துவிடாது, படிவம், சரிபார்ப்பு என்று இழுக்கும், ஆகவே செட்டில்மென்ட் பணத்தில் முதல் மூன்று மாதச் செலவை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

‘அனுப்புவதாக இருந்தால் ஆட்குறைப்பு ஆணை எழுத்தில் கொடுங்கள்’ என்று இன்றே மெயிலில் கேளுங்கள், அடையாள அட்டை, மூன்று மாத சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். கேட்டைத் தாண்டிய பிறகு எதுவும் கிடைக்காது. மிரட்டினால் அல்லது கேட்டிலேயே நிறுத்தினால் உங்கள் பகுதி தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். உங்களோடு இன்னும் நாலு பேருக்கு இதே கடிதம் நீட்டப்பட்டிருக்கும், சேர்ந்து போங்கள். நானே ஒரு காலத்தில் தனியாகப் போய் நின்று, ‘ரிலீவிங் லெட்டர் கெட்டுப்போகும்’ என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன். அடுத்த இன்டர்வியூவில் அந்த லெட்டரை யாரும் கேட்கவே இல்லை.

பி.எஃப். விஷயத்துக்கு வருவோம். உங்கள் லோன் வட்டி பி.எஃப். வட்டியைவிட அதிகம்தான், காகிதத்தில் பார்த்தால் அடைப்பதுதான் லாபம். ஆனால் 1,40,000 போட்டாலும் 20,000 பாக்கி நிற்கும், தவணையும் நிற்கும், கையில் ஒன்றும் இருக்காது, அப்புறம் அரிசிக்கு மறுபடி வட்டிக்கு வாங்குவீர்கள். விதிகளும் மாறி வருகின்றன: ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தால் 75 சதவீதம், இரண்டு மாதத்தில் மீதியும் என்று இருந்ததை, உடனே 75, மீதி 25 ஓராண்டு கழித்து என்று மாற்ற 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் வாரியம் முடிவெடுத்தது. எப்படிப் பார்த்தாலும் அவசரம் வந்தால் ஒரு லட்சம் எட்டும் தூரத்தில் இருக்கிறது, அது தெரிந்தால் போதும். ஐந்து ஆண்டு தாண்டியதால் வரிப் பிடித்தமும் இல்லை. பென்ஷன் பணத்தை எடுக்கும் 10சி படிவம் பக்கமே போகாதீர்கள், இன்னும் நாலு வருடம் எங்காவது வேலை பார்த்தால் பத்து ஆண்டு ஆகி 58 வயதில் பென்ஷன் உண்டு. கம்பெனி விலகிய தேதியை பி.எஃப். தளத்தில் ஏற்றாமல் இழுத்தால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். அடையாள எண்) மூலம் நீங்களே ஏற்றலாம்.

லோனுக்கு, முதல் தவணை பவுன்ஸ் ஆவதற்கு முன்பே கிளைக்குப் போய் தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பவுன்ஸ் ஆன பிறகு கேட்டால் பேச்சே வேறு. ஆன்லைன் ஆப் கடன், மீட்டர் வட்டி இரண்டும் வேண்டாம், நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ வையுங்கள்.

மாநில அரசின் வேலையில்லா உதவித்தொகையை நம்பாதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், பத்தாவது முடித்தவருக்கு மாதம் 300, பிளஸ் டூ-வுக்கு 400.

மருத்துவம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பலர் கோட்டைவிடுவது. வேலை போன அன்றே இ.எஸ்.ஐ. கார்டு செத்துவிடாது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரையான சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை சிகிச்சை உண்டு. ஜூலை 18 வரை நூறு நாளைத் தாண்டிவிட்டீர்கள். போன அக்டோபர்–மார்ச் சந்தா இந்த டிசம்பர் வரை தாங்கும். ஆக அடுத்த ஜூன் கடைசி வரை குடும்பத்துக்கே இருக்கிறது.

இதனால்தான் வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள். டிஸ்பென்சரியில் டோக்கன் போட்டு நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். வேலை போயிற்றே, கார்டு ஓடாது என்று கவுன்டரில் யாராவது சொன்னால், அடுத்த ஜூன் வரை இருக்கிறது, கம்ப்யூட்டரில் பாருங்கள் என்று பதில் சொல்ல வீட்டில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.