24 அங்குலத்தில் நின்ற முள்

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன். கொழும்பில் குளிரூட்டல், வளிச்சீராக்கல் பயிற்சி எடுத்து தேசிய தொழிற்தகைமையில் (என்.வி.கியூ.) 3ஆம் மட்டம் முடித்தேன். இப்போது நுவரெலியாவில் ஒரு பாஸிடம் ஹெல்பர் வேலை. 4ஆம் மட்டமும் செய்வதா, இப்படியே வெளிநாடு போவதா? ஏசியே தேவைப்படாத குளிர் ஊரில் இந்தத் தொழிலை நம்பலாமா? இன்னொரு சின்ன விஷயம். கேஸ் நிரப்பமுன் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்க நான் வாங்கிய பழைய வேக்கம் பம்ப் கொழும்பில் 29 அங்குலம் வரை இழுத்தது. நுவரெலியாவில் மூன்று மணி நேரம் ஓட்டியும் முள் 24ஐத் தாண்டவில்லை. பம்ப் செத்துவிட்டது என்று சொல்லி, பாஸ் குளிரூட்டும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு நிரப்பினார். அம்மாவுக்கு ஈ.பி.எஃப். காசு அடுத்த மாதம் வருகிறது. அதில் புதுப் பம்ப் வாங்கித் தருகிறேன் என்கிறார். எந்தக் கம்பனிப் பம்ப் நல்லது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

தம்பி,

பம்ப் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் சின்ன விஷயம் என்று கடைசியில் எழுதியதைப் பற்றித்தான் நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நுவரெலியாவில் 24 அங்குலம் என்றால் அது முழு வெற்றிடம். உலகத்தில் எந்தப் பம்பைக் கொண்டுவந்து பூட்டினாலும் அந்த முள் அங்கேதான் நிற்கும். அமுக்கம் காட்டும் கேஜ் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றையே பூச்சியமாக வைத்துக்கொண்டு, குழாய்க்குள் அதைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று மட்டும் சொல்கிறது. கடல் மட்டத்தில் காற்று இரசத்தை ஏறக்குறைய 30 அங்குலம் தாங்கும். மேலே ஏற ஏற, ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் கழித்துக்கொண்டே வாருங்கள். கண்டியில் 28, ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 26, ஆறாயிரம் அடியைத் தாண்டிய நுவரெலியாவில் 24. இதை ஒரு துண்டில் எழுதி கேஜ் பெட்டி மூடிக்குள் ஒட்டிவையுங்கள்.

பயிற்சியில் 29 என்று சொல்லிக்கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. அது கொழும்பின் எண் என்று சொல்லாமல் விட்டார்கள். ஆனால் உங்கள் மேலும் கோபம் வருகிறது. மூன்று மணி நேரம் பம்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, அன்று இரவே அதை ஹட்டனுக்குக் கொண்டுபோய் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் முள் 26இல் நின்றிருக்கும். செத்த பம்ப் இறக்கத்தில் எப்படி உயிர்த்தது என்று கேள்வி வந்திருக்கும். கேஜைப் பார்க்க மட்டும் பழகியவன் ஹெல்பராகவே இருப்பான்.

24க்கு வந்துவிட்டது, போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஓர் அங்குலம் 25,400 மைக்ரோன். உள்ளே மிஞ்சும் அமுக்கமோ 500 மைக்ரோனுக்கு இறங்க வேண்டும். அந்த முள்ளின் தடிப்புக்குள்ளேயே பல ஆயிரம் மைக்ரோன் ஒளிந்துகொள்ளும். மைக்ரோன் கேஜ் நேராக உள்ளிருக்கும் அமுக்கத்தையே அளப்பதால் அதற்குக் கொழும்பும் நுவரெலியாவும் ஒன்றுதான். 500க்கு வந்ததும் வால்வை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். ஏறி ஒரு இடத்தில் நின்றால் உள்ளே ஈரலிப்பு இருக்கிறது, நிற்காமல் ஏறினால் லீக். குளிரில் ஈரலிப்பு ஆவியாக நேரம் எடுக்கும். கம்ப்ரஸருக்கும் குழாய்க்கும் ஹெயார் ட்ரையரால் சூடு காட்டினால் பாதி நேரம் மிச்சம்.

கேஸை விட்டுக் காற்றைத் தள்ளுகிற வேலையை மட்டும் அவரிடம் கற்றுக்கொள்ளாதீர்கள். காற்றில் கொஞ்சம் போகும், ஈரம் போகாது. கேஸ் போகும் மெல்லிய கெப்பிலரிக் குழாயின் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் வாயில் ஒரு சொட்டு உறைந்தால் போதும். பிரிட்ஜ் குளிரும், நிற்கும், உருகும், மறுபடி குளிரும். ஒரு மாதத்தில் வாடிக்கையாளர் திரும்ப வருவார். பாஸுக்கு அது இன்னொரு பில்!

உங்கள் நோட்டில் ஆர்134ஏ கேஸ் பிரிட்ஜுக்கு சக்ஷன், அதாவது கம்ப்ரஸர் உறிஞ்சும் பக்க அமுக்கம், 2 பிஎஸ்ஐ என்று எழுதியிருப்பீர்கள். −23 பாகைக்கு அது கடல் மட்டத்து எண். நுவரெலியாவில் அதே −23க்கு கேஜ் 5 காட்டும். கூடிப்போச்சு என்று கேஸைத் திறந்து 2க்கு இறக்கினால் உள்ளே −27க்குப் போய்விடும். கேஸ் குறைந்து, குளிர் உண்டாகும் எவாபரேட்டர் குழாயின் கடைசிச் சுற்றுகள் காய்ந்துகிடக்கும். ஏசியில் இந்த 3 பிஎஸ்ஐ பெரிதில்லை, ஏசி கேஸான ஆர்410ஏ-இல் ஒரு பாகைகூட மாறாது. பிரிட்ஜில்தான் தலைகீழ். இன்னொரு பிரிட்ஜ் கேஸான ஆர்600ஏ இன்னும் மோசம்: −23இல் கொழும்பில் 11 அங்குல வெற்றிடம், நுவரெலியாவில் 5. இந்தக் குழப்பத்துக்கெல்லாம் ஒரே மருந்து, ஸ்டிக்கரில் எத்தனை கிராம் போட்டிருக்கிறதோ அதைத் தராசில் நிறுத்துப் போடுவது. ஆர்600ஏ 50 கிராம் போகும் பெட்டியில் 5 கிராம் பிசகினால் பத்தில் ஒரு பங்கு பிசகு.

ஆர்600ஏ எரியும் கேஸ், காற்றைவிடப் பாரம், தரையோடு படியும். லயத்துக் காம்பராவில் விறகடுப்பும் தரையில்தான் இருக்கிறது. பெட்டியை வாசலுக்குத் தூக்கிப் போய், குழாயைக் கட்டரால் வெட்டுங்கள். டோர்ச்சைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் "ஐஸ் கட்டுதில்லை" என்று வரும் வேலைகளில் கேஜைப் பூட்டவே பூட்டாதீர்கள். முதலில் பின்பக்கத் தகட்டில் டி (T) அல்லது எஸ்டி (ST) எழுத்து இருக்கிறதா பாருங்கள். இரண்டும் 16 பாகைக்கு மேற்பட்ட அறைக்குச் செய்தவை. ஒரே தெர்மோஸ்டாட் கீழ்த்தட்டில் இருக்கிற பெட்டியென்றால், குசினியே 12 பாகையில் கிடக்கும்போது கீழ்த்தட்டு சூடாவதில்லை, கம்ப்ரஸர் ஓடுவதில்லை, மேலே ஃப்ரீஸர் உருகுகிறது. கேஸில் குறை இல்லை. சூடான அறைக்கு மாற்றினால் சரி. சில மொடல்களில் குளிர்காலத்துக்கென்று சிறிய சுவிட்ச் ஒன்று உண்டு. அது தெர்மோஸ்டாட்டின் பக்கத்தில் கொஞ்சம் சூடு கொடுத்து ஏமாற்றும். இதற்குக் கேஸ் ஏற்றிக் காசு வாங்குவது களவு.

நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். 4ஆம் மட்டம் செய்யுங்கள். வேலையில் இருந்துகொண்டே முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குப் போக வழியுண்டு, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். குளிர் ஊரில் வேலை இல்லை என்று யார் சொன்னது? ஹோட்டல் கோல்ட் ரூம், பால் சேகரிக்கும் நிலையம், 2 முதல் 8 பாகையில் தடுப்பூசி வைக்கும் பெட்டி, இறைச்சிக் கடை, எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. வெளிநாட்டைப் பற்றி உங்கள் வயதில் நூறு பேர் சொல்வார்கள், நான் நூற்றியோராவது ஆளாக வேண்டாம்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு கிராம் காட்டும் தராசும் மைக்ரோன் கேஜும் வாங்குங்கள். அதையும் உங்கள் சம்பளத்தில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. பம்பின் எண்ணெய்க் கண்ணாடியைப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் ஈரம் குடித்திருக்கிறது. ஓட்டிச் சூடாக்கி, வடித்து, வேக்கம் பம்ப் எண்ணெயே ஊற்றுங்கள், எஞ்சின் ஒயில் வேண்டாம். பம்புக்கு ஒரு போத்தல் எண்ணெய்தான் தேவை என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.